பழைய டாட்ஜ் ராம் 2500: முன்பக்க ஆட்டத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

1994 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 வண்டிகளில் எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியும் அசராது. முன்பக்கம்தான் முதலில் தளரும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ. அந்தப் பாரம் வருடக்கணக்கில் முன் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் கம்மின்ஸ் எஞ்சினும் டானா 60 முன் ஆக்சிலும் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்கு. பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டியின் முன்பக்கம் வேறு அமைப்பு. அதற்கு இது பொருந்தாது.

முதலில் எது எதைப் பிடித்திருக்கிறது என்று மனதில் பதிய வேண்டும். எடையைத் தாங்குவது இரண்டு காயில் ஸ்பிரிங். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கன்ட்ரோல் ஆர்ம். ஆனால் ஆக்சில் இடமும் வலமும் நகராமல் பிடிக்க ஒரே ஒரு தண்டுதான் உண்டு: பான்ஹார்ட் ராடு. அமெரிக்கக் கடைகளில் இதை ட்ராக் பார் என்று கேட்டு வாங்க வேண்டும். இதன் ஒரு முனை ஓட்டுநர் பக்கம் சேஸிஸில், பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டு) போன்ற கூம்புத் தண்டோடு மாட்டியிருக்கும். மறுமுனை எதிர்ப்பக்கம் ஆக்சிலில், ரப்பர் புஷ்ஷும் போல்ட்டுமாக இருக்கும். சேஸிஸ் பக்கத்து ஜாயின்ட்தான் இந்த வண்டியின் பலவீனமான இடம். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பிட்மன் ஆர்ம், அதாவது ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் ஆடும் கை, தள்ளும் விசை கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது. அது தேய்ந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ஆக்சிலே பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஓட்டுபவருக்கு அது 'வண்டி நேராக நிற்க மாட்டேன் என்கிறது' என்று தெரியும்.

அதுவே முற்றினால், 70 முதல் 90 கி.மீ. வேகத்தில் பாலத்து இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ ஒரு சக்கரம் இறங்கி ஏறியதும் முன்பக்கம் முழுவதும் படபடவென்று அடிக்கத் தொடங்கும். டெத் வாபிள் என்று பெயர் பெற்றது இதுதான். வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை அடங்காது. இதற்குப் புதிய ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் தண்டின் அதிர்வை அடக்கும் சின்ன ஷாக் அப்சர்பர்) போட்டு அனுப்புவது பரவலான வழக்கம், மிகத் தவறான வழக்கமும்கூட. டேம்பர் ஆட்டத்தைச் சில மாதம் அமுக்கி வைக்கும். அந்த மாதங்களில் தேய்ந்த ஜாயின்ட் தன் பக்கத்து ஜாயின்ட்டையும் அடித்துக் கெடுத்துவிடும்.

சோதனைக்கு முன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். பிறகு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தேயுங்கள், முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, சரியில்லை. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பர் செத்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கலாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போது

வண்டியைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பதைத்தான் பலரும் சோதனை என்று நினைக்கிறார்கள். பான்ஹார்ட் ராடும் ஸ்டீயரிங் தண்டுகளும் அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் நல்லவை போலவே தெரியும். பாரமும் தரையின் பிடியும் இருந்தால்தான் அவற்றின் ஆட்டம் வெளியே வரும்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கிலும், கியர் வண்டியை நியூட்ரலிலும் வையுங்கள். எஞ்சின் ஓட வேண்டும், பவர் ஸ்டீயரிங் விசை வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து, கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட அளவில் ஸ்டீயரிங்கை இடம் வலமாக விட்டு விட்டு அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையைக் கொண்டு போகாதீர்கள்.

முதலில் பான்ஹார்ட் ராடின் சேஸிஸ் முனை. ஒரு விரலை ஜாயின்ட்டின் கிண்ணத்திலும் பிராக்கெட்டிலும் ஒருசேரப் படும்படி வையுங்கள். இரண்டுக்கும் இடையே சின்னத் துள்ளல் கிடைத்தாலும் அது தேய்ந்த ஜாயின்ட்தான். அளந்து பார்க்கத் தேவையில்லை. கூம்புத் தண்டு பிராக்கெட் ஓட்டைக்குள்ளேயே ஆடுகிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள். நட்டு தளர்ந்த நிலையில் வெகுநாள் ஓடியிருந்தால் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். அதில் புது ராடு போட்டாலும் சீக்கிரமே மறுபடி ஆடும். பிராக்கெட்டையே சரிசெய்ய வேண்டும். ஆக்சில் முனையில் ரப்பர் புஷ் மெல்ல முறுக்கிக்கொள்வது இயல்பு. போல்ட் டக்கென்று இடம் மாறினால் இயல்பு அல்ல.

அடுத்து ஸ்டீயரிங் தண்டுகள். பிட்மன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் என்ற தண்டு (ட்ராக் பார் வேறு, இது வேறு) எதிர்ப்பக்கச் சக்கரத்தின் நக்கிளுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்புப் பாகத்துக்குப் போகும். ஓட்டுநர் பக்கச் சக்கரத்தின் டை ராடு அந்த டிராக் லிங்க்கின் நடுவில் வந்து சேரும். மொத்தம் நான்கு ஜாயின்ட். தண்டு தன் அச்சில் கொஞ்சம் உருளுவது குற்றமில்லை. தண்டு மேலும் கீழுமாக எழும்பி உட்கார்ந்தாலோ பக்கவாட்டில் தாமதித்து நகர்ந்தாலோ அந்த எண்டை மாற்றுங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் நாளை வரும். மண்ணும் பனிக்காலச் சாலை உப்பும் உள்ளே போய்விட்டன.

பிறகு ஸ்டீயரிங் பாக்ஸ். கீழே வரும் செக்டர் ஷாஃப்ட், திருப்பும்போது சுழல மட்டும் வேண்டும். அது சாய்ந்து சாய்ந்து வந்தால் உள்ளே பேரிங்கோ புஷ்ஷோ போய்விட்டது. பாக்ஸ் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு விரிசல் இருக்கிறதா பாருங்கள், குறிப்பாகப் பெரிய டயர் போட்ட வண்டிகளில். பாக்ஸுக்கு மேலே கேபினுக்குள் போகும் ஷாஃப்ட்டின் சின்ன யூனிவர்சல் ஜாயின்ட்டையும் விட்டுவிடாதீர்கள். பாக்ஸின் மேல் உள்ள சரிசெய்யும் திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்க நினைப்பது ஆபத்து. கூடுதலாக இறுக்கினால் வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது, உள்ளே பற்களும் தேயும். மற்ற எல்லா ஜாயின்ட்டும் சரியான பிறகே அதைத் தொட வேண்டும்.

தூக்கிய பிறகு

ஜாக்கியை ஆக்சில் குழாயின் அடியில் வையுங்கள், ஆக்சிலையே ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். இந்த வண்டி மூன்று டன் அளவு கனம். கார்களுக்கான சின்ன ஸ்டாண்டு போதாது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. டயர் தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும்.

டயரின் அடியில் நீளமான கடப்பாரையை விட்டு மேலே நெம்புங்கள். உதவிக்கு இருப்பவர் நக்கிளுக்கும் ஆக்சில் முனைக்கும் இடையே பார்க்கட்டும். அங்கே மேலும் கீழுமாக அசைவு தெரிந்தால் பால் ஜாயின்ட். எவ்வளவு என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த ஆண்டு வண்டியின் சர்வீஸ் மேனுவல் தரும் வரம்போடு ஒப்பிடுங்கள். கண் மதிப்பு இங்கே ஏமாற்றும்.

அடுத்து டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பால் ஜாயின்ட்டா ஹப் (சக்கரம் மாட்டிச் சுழலும் மையப் பாகம்) பேரிங்கா என்று பிரிக்க எளிய வழி உண்டு: பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங். டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் பேரிங்கின் ஆட்டம் ஒளிந்துகொள்ளும். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இந்த ஹப் மூடிய யூனிட். கிரீஸ் வைத்து இறுக்கிச் சரிசெய்ய முடியாது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மறுகையைக் காயில் ஸ்பிரிங்கில் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதில் விழுவதற்கு முன்பே ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

டை ராடு ஒன்றின் எண்டைக் கழற்றிவிட்டு நக்கிளைத் தனியாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். இடையில் சிக்கினால் பால் ஜாயின்ட் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஆக்சில் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கும். வண்டி ஒரு பக்கம் திரும்பியதும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும் கோளாறுக்கு இதுவே காரணம். பலர் இதைத் தேடாமல் ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள்.

கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களை லீவரால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முன்னும் பின்னும் போகும், டக் என்ற சத்தம் வரும். கீழ் ஆர்ம் ஆக்சிலில் சேரும் இடத்தில் காஸ்டரை, அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை, சரிசெய்யும் கேம் போல்ட் இருக்கும். அதைச் சுற்றிப் புதிதாகப் பளபளக்கும் உராய்வுக் கோடு தெரிந்தால் கேம் நழுவியிருக்கிறது.

ஷாக் அப்சர்பரில் எண்ணெய் வழிகிறதா, மேல் கீழ் புஷ் இருக்கிறதா பார்த்தால் போதும். பம்பரை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை இவ்வளவு கடினமான ஸ்பிரிங்கில் எதையும் சொல்லாது.

பின்பக்கம்

பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். சுமையில்லாமல் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்துப் பட்டையில் முறிவைத் தேடுங்கள். பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டித்தான் முறியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) புஷ் தேய்ந்தால் பட்டை ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். உப்புச் சாலைப் பகுதிகளில் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகளைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாது, அது ஒரு தடவை நீண்டுவிட்டது. புது யூ போல்ட்டைச் சுமார் 800 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

மாற்றும்போது

பான்ஹார்ட் ராடில் தொடங்குங்கள். அது ஆடும்வரை மற்றவற்றைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. பிறகு ஸ்டீயரிங் தண்டுகள், பால் ஜாயின்ட், ஹப், கடைசியில் பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் பின் தரைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். டை ராடு எண்டைக் கழற்றும் முன் வெளியே தெரியும் மரை எத்தனை என்று எண்ணி வையுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். புதுப் பாகம் சீக்கிரம் கெட்டுவிட்டது என்ற புகார்களில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

வண்டியை உயர்த்தும் கிட் போட்டிருந்தால் முன்னால் நின்று பாருங்கள்: பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை ஜாயின்ட் மாற்றினாலும் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

கடைசியாக அலைன்மென்ட். டோ மட்டும் பார்த்துவிட்டு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். இரு பக்கக் காஸ்டர் அளவும் அச்சிட்ட தாளில் வேண்டும். காஸ்டர் குறைந்திருந்தால் எல்லாம் புதிதாக இருந்தும் வண்டி அலையும், அதைக் கீழ் ஆர்மின் கேம் போல்ட்டில் சரிசெய்யலாம். அந்தத் தாளை வண்டியிலேயே வையுங்கள். அடுத்த தடவை ஆட்டம் வரும்போது எந்த அளவு மாறியிருக்கிறது என்று பார்த்தாலே தேட வேண்டிய பக்கம் தெரிந்துவிடும்.