கண்ணில் சிலிக்கான் ஆயில் இருக்கும்போது பிரஷரைக் கவனிப்பது எப்படி

விழித்திரை விலகலுக்கு ஆபரேஷன் செய்து விழித்திரையை ஒட்டவைக்கச் சிலிக்கான் ஆயில் வைத்த கண்ணில் பார்வை எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் கண் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போவது நோயாளிக்கே தெரியாது. ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷரை அளக்கச் சொல்லி, எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். இயல்பான அளவு 10 முதல் 21 mmHg வரை.

எப்போது ஏறியது என்பதே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். முதல் சில நாட்களில் ஏறினால் ஆயில் அளவு கூடியிருக்கலாம், கண்ணுக்குள் அழற்சி இருக்கலாம், அல்லது ஆயில் கண்பாவையை (கருவிழி நடுவிலுள்ள துளையை) அடைத்திருக்கலாம். ஆயில் தண்ணீரைவிட லேசானது. மல்லாந்து படுத்தால் முன்பக்கம் வந்துவிடும். டாக்டர் சொன்ன நிலையிலேயே படுங்கள். லென்ஸ் இல்லாத கண்ணில் ஐரிஸின் (பாவையைச் சுற்றியுள்ள நிறப் படலத்தின்) அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில், ஒரு துளை போடுவார்கள். ஆயில் மேலே மிதப்பதால் கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்நீர்) அந்தத் துளை வழியே முன்னால் வரும். துளை அடைபட்டால் லேசரில் திறக்க வேண்டிவரும்.

சில வாரங்கள் கழித்து ஏறினால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சந்தேகிக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மாதக்கணக்கில் ஆயில் கிடந்தால் நுண்ணிய துளிகளாக உடைந்து, கண்நீர் வடியும் சல்லடையை அடைக்கும். ஐரிஸின் மேல் ஓரத்தில் வெள்ளைப் பிறை போலப் படிந்தால் அது உடைந்த ஆயில். விழித்திரை ஒட்டியிருந்தால் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் ஆயிலை எடுப்பார்கள். தொந்தரவு எதுவும் இல்லையென்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு.

பிரஷரைக் குறைக்க டிமோலால் சொட்டு மருந்து எழுதினால் ஆஸ்துமா, இதயத்துடிப்புக் குறைவு இருப்பதை முன்னமே சொல்லுங்கள். அதற்கே தரும் அசிட்டசோலமைடு மாத்திரை என்றால் சிறுநீரகக் கோளாறு, சல்ஃபா அலர்ஜி இருப்பதைச் சொல்ல வேண்டும். விரல் மரமரப்பது அதில் சகஜம். இரண்டு சொட்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

மருந்துக்கு அடங்காவிட்டால் கண்நீரை வடியவைக்க டியூப் வைப்பார்கள் அல்லது கண்நீர் ஊறுவதைக் குறைக்க டயோடு லேசர் செய்வார்கள். ஆயில் உள்ள கண்ணில் டியூபை அடிப்பக்கம் வைப்பதே வழக்கம். மேலே வைத்தால் மிதக்கும் ஆயில் அதற்குள் புகுந்துவிடும்.

கண்ணும் நெற்றியும் சேர்ந்து வலித்து வாந்தி வந்தால், வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஆயிலை எடுத்த பிறகும் சல்லடையில் தங்கிய துளிகளால் பிரஷர் ஏறியே இருக்கலாம், ஆகவே சொட்டு மருந்தையும் செக்கப்பையும் டாக்டர் சொல்லும்வரை விடாதீர்கள்.