பாசனச் சானலில் தொடங்கும் ஊர்த் திட்டம்: குமரி மாவட்டத்தில் நில வரைபடமும் பஸ் கணக்கும் தயாரிக்கும் முறை

குமரி மாவட்டத்தின் பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 18.70 லட்சம். பல இடங்களில் ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஒரே சானல் ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி எல்லாவற்றையும் தொட்டு ஓடுகிறது. மேலே ஒருவர் மடையை அடைத்தால் கீழே ஒரு ஏலாவே (வயல்வெளியே) காய்ந்துபோகும். அதனால் பஞ்சாயத்து எல்லையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒரு சானலின் ஆயக்கட்டை (அது பாயும் நிலப்பரப்பை), அல்லது ஒன்றுக்கொன்று மறுகால் (நிரம்பி வழியும் நீர்) பாயும் குளங்களை ஓர் அலகாக எடுங்கள்.

முதல் வேலை ஆவணங்கள். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரப் பதிவேடு) மூன்றும் வேண்டும். குளம், ஓடை, சானல் புறம்போக்கு, வண்டிப்பாதை ஆகியவற்றின் சர்வே எண்களை முதலில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்; ஊரில் பேசுவது சென்ட். 1 ஏர் என்பது 2.47 சென்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கூட்டத்தில் குழப்பம் வராது. பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி நிலம். பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண்தான் இருக்கும், பல மலையாளத்திலும் இருக்கும். மறுநில அளவையில் வந்த புதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வரைந்தால், குளத்தின் எண் யாருடைய விளையிலோ (தோட்டத்திலோ) போய் விழும். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வரையுங்கள்.

அடுத்து நடக்க வேண்டும். ஒரு தடவை போதாது. வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும், அணைகளிலிருந்து தண்ணீர் வரும். தண்ணீர் ஓடும்போது நடந்தால் அடைப்பு தெரியும். மார்ச் முதல் மே வரை காய்ந்து கிடக்கும்போது நடந்தால் ஆக்கிரமிப்பு தெரியும். கடைமடையிலிருந்து மேல்நோக்கி நடப்பது நல்லது. தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கடைமடை விவசாயிக்குத்தான் துல்லியமாகத் தெரியும்; அவரைக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு மடை, மறுகால், குறுக்குப் பாலம் எல்லாவற்றையும் குறியுங்கள்.

மனைக்கு வழி போட வாய்க்காலில் 30 சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே மண்ணடித்திருப்பார்கள். தேங்காய்த் தொண்டும் பிளாஸ்டிக் சாக்கும் அதன் வாயில் ஒன்றுமேல் ஒன்று செருகி நிற்கும். மழை வந்தால் தண்ணீர் குழாயை விட்டு ரோட்டில் ஏறும். கிராமச் சாலைத் திட்டங்களில் குறுக்குக் குழாய்க்குக் குறைந்தது 1 மீட்டர் விட்டம் கேட்பது, அடைத்தால் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய இடம் வேண்டும் என்பதற்காகத்தான். எனவே குழாய் இருக்கிறது என்று மட்டும் எழுதாமல் விட்டத்தை அளந்து எழுதுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் ஏறிய வீடுகளின் சுவரில் கறை இருந்தால், ரோட்டு மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து குறியுங்கள். ‘வீடு கட்ட ஏற்ற இடம்’ என்று யார் சொன்னாலும் இந்த ஒரு எண் பதில் சொல்லிவிடும்.

நிலத்தைக் குறிக்கும்போது தரையில் இருப்பதையும் தாளில் இருப்பதையும் வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள். தாளில் நஞ்சை, தரையில் செம்மண் கொட்டி வாழை. அதன் அடுத்த கட்டம் மனைக்கல். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் நஞ்சையை மனையாக்க 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி ஆட்சியரின் இசைவு வேண்டும். மலையடிவார ஊர்களில் மலையிடப் பாதுகாப்புக் குழும (மலைப்பகுதிக் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) எல்லையைப் பாருங்கள். கடற்கரை ஊராட்சிகளில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், குறைவாக இருந்தால் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி என்பது 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் அளவு. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் தலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்); அதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

இனி பஸ். பஸ் கேட்கும் மனுக்கள் பெரும்பாலும் ‘எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. பள்ளி வேலை நாள் ஒன்றும், சனிக்கிழமை ஒன்றும் ஊர் முக்கில் நின்று காலை 7 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 6.30 வரை எண்ணுங்கள். எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் ஆட்டோவில் போனார்கள், எங்கே போகிறார்கள் என்று மூன்று பத்தி போதும். எல்லோரும் நாகர்கோவில் வடசேரிக்குத்தான் போவார்கள் என்று எண்ணாதீர்கள். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் போகிறவர்களைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

அதோடு ரோட்டையும் அளக்க வேண்டும். ஒற்றை வழிக்கு 3.75 மீட்டர் தார், எதிரெதிரே இரண்டு வண்டி விலக 5.5 மீட்டர். இரண்டு பக்கமும் கையாலை (வேலிச் சுவர்) நிற்கும் நம் ரோடுகளில் தார் அகலத்தைவிட கையாலைக்குக் கையாலை அளவுதான் முக்கியம். வளைவில் மிகக் குறுகிய இடத்தை எழுதுங்கள். 12 மீட்டர் பஸ் ஒரே வீச்சில் திரும்ப சுமார் 25 மீட்டர் விட்டம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் மினிபஸ் கேளுங்கள். 2024-ம் ஆண்டின் புதிய விரிவான மினிபஸ் திட்டப்படி வழித்தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். ஆனால் ரோட்டை அகலப்படுத்தச் சானல் கரையையோ குளக்கரையையோ எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கரை உடைந்தால் முதலில் நிற்பது அந்தப் பஸ்தான்.

ஊராட்சியானால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் தீர்மானமாக்குங்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. பகுதி சபையில் வையுங்கள். ஒரே சானலில் இருக்கும் எல்லா ஊர்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் தள்ளிவைப்பது கடினம். வரைவு முழுமைத் திட்டம் அரசிதழில் வந்தால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாதம் உண்டு; அந்த அறிவிப்பைப் பார்த்த பிறகு நடக்கத் தொடங்கினால் நேரம் போதாது. ‘குளத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதாமல், இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண், இத்தனை ஏர், வரைவில் குடியிருப்பு என்றிருப்பதை நீர்நிலை என்று மாற்றுக என எழுதுங்கள். புலப்பட நகலும், நாள் தெரியும் புகைப்படமும் இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.