18 வயது நிறையாத பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போகிறதா? பொறுப்பாளர் ஏற்பாட்டை இப்படிச் செய்யுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பல கல்லூரிகளில் ஜூலையிலும், பிரிட்டனில் செப்டம்பரிலும் வகுப்பு தொடங்கிவிடும். உங்கள் பிள்ளை நவம்பரில் பிறந்திருந்தால், விமானம் ஏறும்போது வயது 17தான். என் மகளும் அப்படித்தான் மெல்போர்னுக்குப் போனாள். ஈரோட்டிலும் கோபியிலும் எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் கல்விக் கடனுக்கும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். 'அங்கே இவளுக்கு யார் பொறுப்பு?' என்ற கேள்வியைக் கடைசி வாரத்தில்தான் கையில் எடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் படி: தேதிகள்

ஒரு தாளில் வகுப்பு தொடங்கும் நாளையும் பிள்ளைக்கு 18 நிறையும் நாளையும் எழுதுங்கள். இடையில் ஒரே ஒரு மாதம் இருந்தாலும் விதிகள் அத்தனையும் பொருந்தும். சில கல்லூரிகள் 18 நிறையாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. ஆகவே கட்டணம் கட்டும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள்.

இரண்டாம் படி: சட்டத்தின் கண்ணில் யார் சொந்தம்?

நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். என் கணவரின் பெரியப்பா மகன் மெல்போர்னில் இருக்கிறார். என் மகள் பிறந்ததிலிருந்து அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளது காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். அவர் இருக்கும்போது வேறென்ன கவலை என்று நிம்மதியாக இருந்தோம்.

ஆனால் ஆஸ்திரேலிய விதிப்படி அவர் சித்தப்பா இல்லை. தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், அப்பாவோடும் அம்மாவோடும் கூடப்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவினர்களையே அவர்கள் உறவினராக ஏற்கிறார்கள். அப்படிப் பொறுப்பேற்கும் உறவினருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும், பிள்ளைக்கு 18 ஆகும் வரையாவது அந்நாட்டில் தங்கும் உரிமை வேண்டும். பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட மாமா, பங்காளி முறையில் அண்ணன் ஆகியோர் நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எங்களுக்கு வழிகாட்டியவர் இதைச் சொல்லவே இல்லை. நானே விதியைப் படித்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிட்டனிலும் இதே போன்ற கோடு உண்டு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால், உள்ளாட்சி மன்றத்துக்கு 6 வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். சித்தப்பா என்று அழைக்கப்படுகிறவரின் வீடானாலும் இது பொருந்தும்.

மூன்றாம் படி: எந்த நாட்டுக்கு எந்த ஏற்பாடு

ஆஸ்திரேலியா: தகுதியுள்ள உறவினர் இல்லையென்றால் இரண்டு வழிகள். தாய் அல்லது தந்தை 590 என்ற பாதுகாவலர் விசாவில் கூடவே போய்த் தங்கலாம். அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. அல்லது கல்லூரியே தங்குமிடத்துக்கும் நலனுக்கும் பொறுப்பேற்று சி.ஏ.ஏ.டபிள்யூ. என்ற கடிதம் கொடுக்கும். நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். அந்தக் கடிதத்தில் உள்ள தொடக்க நாளுக்கு முன்னால் பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குள் நுழையக் கூடாது. ஆகவே கடிதம் வந்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள்.

கனடா: 17 வயது ஆகாதவர் தனியாகப் போனால், அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ பொறுப்பாளராக இருக்க வேண்டும். அதற்குரிய படிவத்தில் அவர் அங்கேயும் நீங்கள் இங்கேயும் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும்.

பிரிட்டன்: 16, 17 வயதுப் பிள்ளைகள் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் தனியாகத் தங்கலாம். ஆனாலும் உள்நாட்டில் ஒரு பாதுகாவலர் வேண்டும் என்று பள்ளிகளும் பல பல்கலைக்கழகங்களும் கேட்கும். காசு கொடுத்துப் பாதுகாவலர் நிறுவனத்தை அமர்த்துவதாக இருந்தால், இத்தகைய நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் ஏஜிஸ் (AEGIS) அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: சம்மதக் கடிதமும் பெயர்களும்

சம்மதக் கடிதத்தில் விசா விண்ணப்பம், பயணம், அங்கே தங்கும் ஏற்பாடு மூன்றுக்கும் சம்மதம் என்று தெளிவாக இருக்கட்டும். தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இல்லையென்றால் அதற்கான இறப்புச் சான்றிதழோ நீதிமன்ற ஆணையோ இணையுங்கள். பிறப்புச் சான்றிதழையும் உங்கள் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் என் கணவர் பழனிசாமி, மற்றொன்றில் பழனிச்சாமி. ஆங்கிலத்தில் கூடுதலாக நின்ற ஓர் எழுத்துக்காக, இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம்.

ஐந்தாம் படி: பிள்ளை தங்கப்போகும் வீட்டாரோடு பேசுங்கள்

இதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். வீட்டில் வேறு யார் தங்கியிருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவது யார், இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், நடு இரவில் அழைத்தால் எந்த எண்ணை எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஈரோட்டில் இரவு 9.30 ஆகும்போது மெல்போர்னில் குளிர்காலத்தில் விடியற்காலை 2 மணி. பொறுப்பேற்ற ஆஸ்திரேலியக் கல்லூரி, 18 ஆகும் வரை 6 மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தத் தங்குமிடத்தைச் சரிபார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் குழந்தைகளோடு பழகுவதற்கான அனுமதிச் சான்று இருக்கிறதா என்றும் கல்லூரியிடம் தயங்காமல் கேளுங்கள்.

என் மகள் தங்கப்போகும் வீட்டு அம்மையார் வீடியோ அழைப்பில் அவளிடம் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். "எதுவானாலும் பரவாயில்லை" என்றாள். அவள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள், ஒரு வேளையாவது சோறு இல்லாமல் தூக்கம் வராது. "கூச்சப்படாமல் சொல் கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வைத்தேன். வாரம் இரண்டு நாள் அவர்கள் அடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் வைத்துக்கொள்ளவும் அனுமதி வாங்கினோம். கையோடு பருப்புப் பொடி கொண்டுபோனால் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பர்ஸில் ஒரு அட்டை

பொறுப்பாளர் பெயர், முகவரி, எண், கல்லூரியின் 24 மணி நேர எண், ரத்த வகை, ஒவ்வாமை, அவசர உதவி எண். ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999, கனடாவில் 911. செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அட்டை இருக்கும்.

ஏழாம் படி: 18 நிறையும் நாள்

அன்றிலிருந்து பிள்ளை பெரியவர். மதிப்பெண், வருகை, உடல்நலம் எதையும் பிள்ளையின் அனுமதி இல்லாமல் கல்லூரி பெற்றோரிடம் சொல்லாது. தகவல் தரலாம் என்று பிள்ளையே கையெழுத்திடும் படிவத்தைப் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள். கையெழுத்திடுவதும் மறுப்பதும் பிள்ளையின் உரிமை. என் மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, உடல்நலம் என்ற ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்து அனுப்பினாள்.