கொழும்பில் தொழில்நுட்பப் பட்டம்: அறை பிடிக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

பொறியியல் பக்கம் கொழும்பில் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்றதும், யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹற்றனோ, வீட்டார் முதலில் செய்வது வெள்ளவத்தையில் அறை தேடுவதுதான். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த ஒரு மாடிவீடு, கையோடு முற்பணம். கொஞ்சம் பொறுங்கள். நாம் கொழும்பு என்று சொல்லும் கற்கை இடங்களில் பாதி, மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டுபெத்தையில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகமோ ஹோமாகமைப் பக்கம் தியகமவில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமும் அந்தப் பக்கம்தான், பிட்டிபனையில். வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்தைச் சந்திக்கு 101 பஸ்ஸில் நேராகப் போய்விடலாம். ஹோமாகமைக்கு அப்படி முடியாது. கிருலப்பனைக்குப் போய் ஹைலெவல் வீதியில் 138 பிடிக்கவேண்டும். காலை எட்டு மணி வகுப்புக்கு இதைத் தினமும் செய்வதைவிட மகரகமையிலோ ஹோமாகமையிலோ தங்குவது நல்லது. இடியப்பத்துக்கும் சொதிக்கும் சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்துகொள்ளலாம்.

அறையைவிடப் பெரிய விடயம் கையில் வரப்போகும் தாள். ‘இன்ஜினியரிங் படிக்கிறான்’ என்று ஊரில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். தொழில் உலகம் அதை மூன்று நான்கு தட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எடுத்து, உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளியாகிய இசட் புள்ளியால் பொறியியல் பீடத்துக்குப் போகிறவருக்குக் கிடைப்பது பொறியியல் விஞ்ஞானமாணி. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர் தொழில்நுட்ப பீடத்தில் பெறுவது பொறியியல் தொழில்நுட்பமாணி. இரண்டும் பட்டமே; இரண்டாவது தாழ்ந்தது என்பதல்ல, அதன் வேலை வேறு. ஒருவர் வடிவமைப்பைக் கணக்கிடுகிறார், மற்றவர் அதை ஆலையில் நிறுவி ஓடவைக்கிறார். ஆனால் பட்டயப் பொறியியலாளராக (தொழில்சார் நிறுவனம் அங்கீகரித்த ‘சார்ட்டர்ட் இன்ஜினியர்’) ஆசைப்படுகிறவர் இந்த வித்தியாசத்தை நான்காம் ஆண்டில் அல்ல, விண்ணப்பிக்கும்போதே அறிந்திருக்கவேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களின் தரச்சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதன் தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டங்களுக்கு அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் மதிப்பு இருப்பதற்குக் காரணம் அதுதான். எனவே எந்தக் கல்லூரி முகப்பிலும் முதல் கேள்வியாக, ‘இந்தப் பட்டத்துக்கு அந்தத் தரச்சான்று இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று பதில் வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் நிறுவனம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: பட்டத்தை வழங்குவது யார்? உள்ளூர் நிறுவனம் தானே வழங்கினால் அதற்கு அரச அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்குவதாக இருந்தால், அதை இங்கே ஏற்றுக்கொள்கிறார்களா என்று வோட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே விசாரியுங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் சிரித்த முகங்கள் சான்றாகா.

இசட் புள்ளி காலை வாரிவிட்டதே என்று சோர்ந்து வருகிறவர்களுக்குத்தான் கொழும்பில் வழி அதிகம் என்பது என் எண்ணம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது. பஸ் நடத்துநர்கள் ‘டெக்னிக்கல்’ என்று கூவும் சந்தி அதன் பெயரால் வந்தது. அங்கே தேசிய தொழிற்தகைமையின் (ஆங்கிலத்தில் NVQ, தொழிற்பயிற்சியை மட்டம் மட்டமாகத் தரம்பிரிக்கும் முறை) ஐந்தாம் அல்லது ஆறாம் மட்டத்தை முடித்தவர், இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகத்தில் (2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, யுனிவொடெக் என்றால் எல்லோருக்கும் தெரியும்) ஏழாம் மட்டமாகிய பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தியகமவில் தொழில்நுட்பத்துக்கான தேசிய டிப்ளோமா மூன்று ஆண்டு, அதில் ஓராண்டு கைத்தொழில் பயிற்சி. மட்டக்குளியில் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா. கொட்டாஞ்சேனையில் தங்குகிறவருக்கு இது வாசற்படி. இந்த டிப்ளோமாக்களோடு நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போனால் சில பாடங்களுக்கு விலக்களிப்புக் கிடைக்கும். வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டத்தை முடிக்கலாம். ஆண்டுகள் கூடும், சம்பளம் நிற்காது. வீட்டில் தங்கை தம்பி படிக்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கை முகம் சுளிக்காமல் போட்டுப் பாருங்கள்.

மொழி பற்றி. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். முதல் ஆண்டு திணறல் எல்லோருக்கும் பொது, சிங்கள மாணவர்களுக்கும்தான். நம்மவர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது பட்டறையில். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொல்வார்கள். ராவிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் போதனாசிரியர். நடுவே மயிரிழை ஒளி கசிந்தால் துண்டு திரும்பி வரும். எங்கே பிழை என்பதை அவர் சிங்களத்தில், அதுவும் வேகமாகச் சொல்வார். கருவிகளின் பெயர்களையும் ‘மெதுவாக’, ‘நிறுத்து’, ‘கையை எடு’ போன்ற சொற்களையும் சிங்களத்தில் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். கடைசல் இயந்திரத்துக்கு முன் நிற்கும்போது இது மரியாதைப் பிரச்சினையல்ல, விரல் பிரச்சினை. தொழிற்தகைமைக் கற்கைகளில் எதற்குத் தமிழ் மொழிமூலம் உண்டு என்று விண்ணப்பப் படிவம் நிரப்பும்போதே கேட்டுவிடுங்கள். படிக்க அமைதியான இடம் தேடுகிறவர்களுக்கு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது.

கைத்தொழில் பயிற்சிக் காலத்தில் நீங்கள் கொழும்பில் இருப்பீர்கள் என்று உறுதியில்லை. பியகமை, கட்டுநாயக்க ஆலைகளுக்கும் போகலாம், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கும் போகலாம். அறைக்கு ஓராண்டு ஒப்பந்தம் எழுதுமுன் இதை வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். பயிற்சி நாட்குறிப்பை அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தை வாராவாரம் வாங்குங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்து ஒரேயடியாக வாங்கப் போனால், அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.