தாராவித் தையல் கூடத்துக்காரரை மின்சாரம் மிச்சம் பிடிக்க வைப்பது எப்படி

புவி வெப்பமாதல் என்று ஆரம்பித்தால் அண்ணாச்சி கல்லாப் பக்கம் திரும்பிவிடுவார், அதனால் நேராகக் கரண்ட் பில்லைக் கேளுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன்) 30 வாட் போல. நாலு ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 65 யூனிட் மிச்சம், அதை அவர் கட்டும் யூனிட் விலையால் பெருக்கி அந்தப் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லாதீர்கள். அதிக நேரம் ஓடுகிற ஒன்று போதும். வாடகை இடம் என்றால் சோலார் பேச்சே வேண்டாம், கூரை அவருடையது இல்லையே (ஃபேனையாவது காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்). அப்புறம், பக்கத்துக் கூடத்தில் யாராவது மாற்றியிருந்தால் அவரையே பேசவிடுங்கள், நம் பேச்சைவிட எடுபடும்.