டிரெய்லரை நிறுத்தி வைக்கும்போது செய்யும் தவறுகள்

ஓடுகிற டிரெய்லரைவிட நின்றுகொண்டே இருக்கிற டிரெய்லர்தான் சீக்கிரம் கெடும். இனி நாலைந்து மாதம் வேலையில்லை என்று ஒரு மூலையில் தள்ளிவிட்டுப் போகிறோம். திரும்ப எடுக்கும்போது டயரில் வெடிப்பு, சக்கரத்தில் கரகர சத்தம், எரியாத விளக்கு. இவற்றில் பாதிக்கு மேல் ஈரம் செய்யும் வேலை.

மண்ணிலோ புல்லிலோ அப்படியே நிறுத்துவதுதான் முதல் தவறு. கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், சக்கரமும் மெல்லப் புதையும். சிமெண்ட் தரை இல்லையென்றால் டயருக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினால் மழைத்தண்ணீர் பின்பக்கமாக வடிந்துவிடும்.

அடுத்தது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. மாதக்கணக்கில் ஈரக்காற்றில் நின்றால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரம் அசையாது. அதனால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். சரிவான இடத்தில் இதைச் செய்யவே கூடாது, சமதளம் வேண்டும்.

வெளியே தெரியாமல் கெடுவது பேரிங்தான். நீண்ட நாள் நின்ற வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் புகுந்த கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். அதைத் துடைத்தால் உள்வளையத்தில் உருளைகள் உட்கார்ந்திருந்த இடங்களில் மட்டும் சீரான இடைவெளியில் துருக்கோடுகள் தெரியும். அந்தப் பேரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும், புது கிரீஸ் வைத்துச் சமாளிக்க முடியாது. நிறுத்தும் முன்பே கிரீஸைப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சில சுற்று சுற்றிவிடுங்கள்.

அப்படிச் சுற்றுவதற்கு வசதியாக ஸ்டாண்டில் ஏற்றி வைப்பது நல்லது. டயர் மேல் பாரமும் இறங்காது. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை, தலை எதையும் நீட்டாதீர்கள். டயருக்கு வெயில் படாமல் மறைப்பு போடுங்கள். நிற்கிற டயரும் வயதாகும். பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

தார்ப்பாயை இறுக்கிப் போர்த்துவது பாதுகாப்புபோலத் தெரியும். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் உள்ளேயே தங்கி, மரப்பலகைத் தளம் உளுத்துப்போகும். நடுவில் ஒரு கழி கொடுத்துக் கூரைபோல உயர்த்திக் கட்டுங்கள். ஒயர் முனையைத் தரையில் தொங்கவிடாமல் தூக்கிக் கட்டி, பிளக்கை மூடி வையுங்கள். பிரேக்குக்கென்று தனி பேட்டரி இருந்தால் கழற்றி உள்ளே கொண்டுபோய் அவ்வப்போது சார்ஜ் போடுங்கள்.

சாமானை மேலேயே விட்டுவைப்பதும் வேண்டாம். பாரம் பின்னால் இருந்தால் முன்பக்கம் சட்டென்று தூக்கிக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. இணைப்புக் கொக்கிக்கு மட்டும் பூட்டு போட்டால் போதாது, சக்கரத்துக்கும் ஒன்று போடுங்கள். முடிந்தால் கொக்கிப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். வேறு வண்டி வந்து மாட்டி இழுத்துப்போக இடம் இருக்காது.