கொழும்பிலிருந்து ஊரூராகப் போகும் லப்டொப்பை ஐந்து வருடம் ஓட்டுவது எப்படி

மாதத்தில் மூன்று நாலு தடவை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா என்று வேலைக்காகச் சுற்றும் லப்டொப்புக்கு விழுந்து உடைவதை விடப் பெரிய பகை ஈரமும் சூடும். இரண்டும் சத்தமில்லாமல் வேலை செய்வதால், பழுது தெரியும்போது காரணம் பழசாகிப் போயிருக்கும்.

முதலில் ஈரம். இரவு ஏசி பஸ்ஸில் வந்து விடிய வெள்ளவத்தையில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். லப்டொப்பிலும் அதேதான் நடக்கிறது. கொழும்புக் காற்றில் நீராவி எப்போதும் அதிகம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பு எதிலும் அது நீராகப் படியும். ஏழெட்டு மணித்தியாலம் ஏசியில் கிடந்த கருவி 20 பாகைக்கு இறங்கியிருக்கலாம். இறங்கிய கையோடு திறந்து ஓன் பண்ணினால், விசிறி அந்த ஈரக் காற்றை இழுத்துக் குளிர்ந்த மதர்போர்ட்டின் மேலேயே விடும். ஆகவே வீட்டுக்கோ ஒஃபிஸுக்கோ போய், பையின் சிப்பைத் திறக்காமல் அரை மணி தொடக்கம் முக்கால் மணித்தியாலம் விடுங்கள். பிறகு உள்ளே கையை விட்டு மூடியைத் தொட்டுப் பாருங்கள். குளிர் தெரியாவிட்டால் எடுக்கலாம். நுவரெலியாவிலிருந்து இறங்கி வரும்போதும் இதே கதைதான். கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும்போது இந்தப் பயம் இல்லை, ஏனென்றால் அப்போது கருவிதான் காற்றை விடச் சூடு.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பும் சேரும். மரைன் டிரைவைப் பார்த்த ஜன்னலடியில் மேசை போடுவது கண்ணுக்கு அழகு, லப்டொப்புக்குக் கேடு. படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இணைப்பு முனைகளை அரிக்கும். தினமும் ஓடும் கருவி தன் சூட்டிலேயே ஓரளவு உலர்ந்துவிடும். அலுமாரியில் மாதக்கணக்காகக் கிடப்பதுதான் கெடும். அப்படி வைப்பதானால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 50 தொடக்கம் 100 கிராமோடு, பற்றரியைப் பாதியளவு சார்ஜில் விட்டு வையுங்கள்.

அடுத்தது பலர் அறியாமல் செய்யும் பிழை: மூடியைச் சாத்திவிட்டு நேரே பைக்குள் போடுவது. இப்போதைய கருவிகள் பல, மூடியபின்னும் அரைத் தூக்கத்தில் இருந்து, புதுப்பிப்புக்காகத் தாமாகவே விழித்துக்கொள்ளும். காற்றுப்போகாத பைக்குள் விசிறி சுழன்று பயனில்லை. பஸ்ஸால் இறங்கும்போது பை சுடும், பற்றரி பாதியாகியிருக்கும். இந்தச் சூடு பற்றரியின் ஆயுளை நேராகத் தின்னும். பயணத்துக்கு முன் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அணையும் நிலை) ஆகும்படி பவர் அமைப்பில் மாற்றி வையுங்கள்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது சொக்கெட். புதிய கட்டடங்களில் 13 அம்பியர் சதுர முனை; பழைய விடுதிகளில் இன்னும் வட்ட முனை. சதுரச் சொக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். அது இறுக்கமாக நிற்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, பிளக் கருகி, சார்ஜர் போகும். நல்ல பிளக் அடப்டர் ஒன்றைப் பையிலேயே நிரந்தரமாக வையுங்கள். உலோக உடலில் விரல் வைத்தால் சுர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத இடத்தில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டரையும் (surge protector) முழுதாக நம்ப முடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. நெற்வேர்க் கேபிளையும் சேர்த்து.

பற்றரிக்கு ஒரே விதி: 80 வீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை இயக்குங்கள். மேசையில் செருகியபடியே வேலை செய்பவர்களுக்கு இதன் பயன் அதிகம். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மட்டும் 100க்கு ஏற்றலாம். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுப் போகாதீர்கள்.

மூடியின் பிணைச்சல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மூலையால் மூடியைத் தூக்குவதுதான். நடு விளிம்பில் பிடித்துத் திறவுங்கள். திறக்கும்போது கீழ்ப்பக்க உடல் சற்றே விரிவது தெரிந்தால் உள்ளே திருகாணி தளர்ந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் பின்மூடியைக் கழற்றி இறுக்கினால் சரி. தள்ளிப்போட்டால் திருகாணி பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிய்ந்து, மேற்சட்டம் முழுவதையும் மாற்ற நேரும். திறந்த கையோடு விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் தூசியை எடுங்கள். காற்று ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பையில் சார்ஜர் மூடியின் மேல் அழுத்தாதபடி தனி அறையில் இருக்கட்டும். நெரிசல் பஸ்ஸில் அந்த அழுத்தம்தான் திரையில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

பிளேன்ரீ ஊற்றுப்பட்டால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அமர்த்திப் பிடித்து அணைத்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பலனில்லை. சீனி போட்ட தேநீர் என்றால், காய்ந்தாலும் சீனி உள்ளேயே நிற்கும். ஓன் பண்ணிப் பார்க்காமல் அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுத்துக் கழுவ வேண்டும்.

மாற்றுப் பற்றரி வாங்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வோல்ற்றேஜ், வாற்-மணி (Wh), பகுதி எண், இணைப்பியின் வடிவம் நாலும் பொருந்த வேண்டும். உதிரிப் பற்றரியும் பவர் பாங்கும் விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும்; 100 வாற்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. ட்ரக்பாட் மேலெழும்பினாலோ மூடி சரியாகச் சாத்தாவிட்டாலோ பற்றரி வீங்கிவிட்டது: சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள், அந்தப் பற்றரியோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவும் வேண்டாம்.